சர்வருக்கு ஞாபகமே கிடையாது: டிஸ்க் இல்லா யூனிக்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஹார்ட் டிஸ்க்கே இல்லாமல் நெட்வொர்க்கை மட்டும் நம்பி ஓடும் யூனிக்ஸ் கணினிகளைப் பற்றி போகிற போக்கில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எல்லார் பெயரையும் எடுத்துவிட்டேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கே: டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டரை எதற்காக உருவாக்கினார்கள்? காசு மிச்சம் பிடிக்கத்தானே?

முதல் காரணம் காசுதான், மறைக்க ஒன்றுமில்லை. 1980களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சர்வர்களில் புஜிட்சு ஈகிள் என்று ஒரு டிஸ்க் வரும். கொள்ளளவு 474 எம்பி, உள்ளே இருக்கும் தட்டுகளின் விட்டமே பத்தரை அங்குலம், ரேக்கில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். இப்படி ஒன்றை ஒவ்வொரு மேசைக்கும் வாங்கித் தர யாரிடமும் பணம் இல்லை. அதனால் சன்-3/50 போன்ற மெஷின்களை டிஸ்க் இல்லாமலே விற்றார்கள்: மோட்டரோலா 68020 பிராசஸர், 4 எம்பி மெமரி, பெரிய கறுப்பு வெள்ளை திரை, பின்னால் ஒரு ஈதர்நெட் சொருகி, அவ்வளவுதான்.

மெதுவாக இருந்திருக்குமே என்று தோன்றும். ஆனால் அன்றைய மேசை டிஸ்க்குகளே மந்தமானவை, ஈதர்நெட்டோ விநாடிக்கு 10 மெகாபிட், அதாவது நல்ல நாளில் ஒரு எம்பிக்குக் கொஞ்சம் மேலே தரும், அந்தப் பக்கம் இருப்பதோ வேகமான பெரிய டிஸ்க். ஆகவே ஆட்கள் அதிகம் இல்லாத நேரத்தில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. காலை பத்து மணிக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் தெரியும்.

இன்னொரு காரணம் நிர்வாகம். பேக்கப் ஒரே இடத்தில், சாஃப்ட்வேர் போடுவது ஒரே தடவை, மெஷின் செத்தால் இன்னொன்றைக் கொண்டுவந்து சொருகினால் வேலை முடிந்தது. டிஸ்க் விலை தரைமட்டத்துக்கு வந்தபிறகும் இந்த ஏற்பாடு சாகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கே: இதுவும் தின் கிளையன்ட்டும் ஒன்றுதானா?

இல்லை. தின் கிளையன்ட்டில் புரோகிராம் சர்வரில் ஓடும், உங்கள் மேசைக்குப் படம் மட்டும் வரும். டிஸ்க் இல்லாத மெஷினில் புரோகிராம் உங்கள் மெஷினின் சொந்த பிராசஸரில், சொந்த மெமரியில்தான் ஓடுகிறது, கோப்புகள் மட்டும் வெளியே இருக்கின்றன.

கே: டிஸ்க்கே இல்லை என்றால் ஸ்விட்ச் போட்டதும் எங்கிருந்து ஆரம்பிக்கும்? தன் பெயர்கூட அதற்குத் தெரியாதே?

தெரியாதுதான். தெரிந்தது ஒன்றே ஒன்று, மெஷினுக்குள்ளேயே எழுதியிருக்கும் மேக் முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதற்கான அடையாள எண். பழைய சன் மெஷின் அதை வைத்துக்கொண்டு நெட்வொர்க் முழுக்கக் கத்தும்: "இது என் மேக் முகவரி, என் ஐபி என்ன, யாராவது சொல்லுங்கள்." இதற்குப் பெயர் ஆர்ஏஆர்பி, 1984இல் தரப்படுத்தினார்கள். சர்வரில் மேக் முகவரிகளையும் பெயர்களையும் எழுதி வைத்த ஒரு கோப்பு இருக்கும், அதைப் பார்த்து சர்வர் பதில் சொல்லும். ஐபி கிடைத்ததும் அந்த ஐபியையே பதினாறடிமான எண்ணாக மாற்றி, அந்தப் பெயரில் உள்ள கோப்பை டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை மூலம் கேட்கும். 192.168.1.5 என்றால் சி0ஏ80105 என்ற பெயரில் கேட்கும். வந்து இறங்குவது ஒரு சின்ன பூட் புரோகிராம். அது மறுபடி சர்வரிடம் "நான் யார், என் ரூட் எங்கே, ஸ்வாப் எங்கே" என்று விசாரித்து (ஸ்வாப் என்பது மெமரி பற்றாதபோது தகவலை ஒதுக்கிவைக்கும் இடம்), ரூட்டை, அதாவது கோப்பு மரத்தின் உச்சி டைரக்டரியை, மவுன்ட் செய்து தன்னோடு இணைத்து, அதிலிருந்து கர்னலை (இயங்குதளத்தின் மையப் புரோகிராமை) எடுத்து ஓட்டும்.

இன்று ஆர்ஏஆர்பி இடத்தில் டிஎச்சிபி வந்துவிட்டது, பயாஸுக்குள் நெட்வொர்க் வழியாக பூட் செய்யும் பிஎக்ஸ்இ வந்துவிட்டது, மற்றபடி கதை அதேதான். டிஎஃப்டிபி இன்னும் உயிரோடு இருக்கிறது. அது 512 பைட் அனுப்பும், "வந்தது" என்று பதில் வரும்வரை சும்மா நிற்கும், அப்புறம் அடுத்த 512. அதிலும் துண்டின் எண்ணுக்கு 16 பிட் மட்டுமே ஒதுக்கியிருப்பதால் 65535 துண்டு, அதாவது ஏறக்குறைய 32 எம்பி தாண்டினால் கணக்கு இடிக்கும். இன்றைய லினக்ஸ் இனிட்ஆர்டி (பூட்டின்போது முதலில் மெமரிக்கு ஏற்றும் கோப்புத் தொகுப்பு) அதைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. துண்டின் அளவைப் பெரிதாக்கும் வசதி இருக்கிறது, அதை இரு பக்கமும் ஆதரித்தால் தப்பித்தோம். இல்லை என்றால் ஐபிஎக்ஸ்இ என்ற மேம்பட்ட பூட் புரோகிராமைப் போட்டு எச்டிடிபி வழியாக இறக்குவது மேல்.

கே: சர்வரில் இருக்கும் டிஸ்க்கையே துண்டு போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கலாமே, எதற்காக என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) என்று தனியாக ஒன்று?

அதைத்தான் முதலில் செய்தார்கள்! சன் மெஷின்களில் என்டி என்று ஒரு ஏற்பாடு இருந்தது. சர்வரின் டிஸ்க்கில் ஒரு பகுதியைப் பிரித்து "இது உனக்கு" என்று கொடுத்துவிடும். கிளையன்ட் (சர்வரிடம் கேட்டு வாங்கும் மெஷின்) கேட்பதெல்லாம் "நூற்று இருபதாவது பிளாக்கைக் கொடு", "இந்தப் பிளாக்கை எழுது" என்பது மட்டுமே. அந்தப் பிளாக்குகளில் எந்தக் கோப்பு இருக்கிறது என்பது சர்வருக்குத் தெரியவே தெரியாது.

இதில் வேகம் உண்டு, பகிர்தல் கிடையாது. இரண்டு கிளையன்ட் ஒரே துண்டில் எழுதினால், எந்தப் பிளாக் காலி என்று இரண்டும் தங்கள் மெமரியில் தனித்தனியே கணக்கு வைத்திருக்கும், ஒன்றின் கோப்பின் மேல் இன்னொன்று எழுதிவிடும், ஃபைல் சிஸ்டம் காலி. அதனால் பொதுப் பகுதியைப் படிக்க மட்டும்தான் கொடுத்தார்கள், எழுதும் பகுதி ஆளுக்கொன்று தனித்தனியாக. யாருக்காவது இடம் பற்றவில்லை என்றால் பக்கத்துத் துண்டு காலியாகக் கிடந்தாலும் எடுத்துக்கொடுக்க முடியாது.

என்எஃப்எஸ் 1985இல் வந்தது. இதில் பேச்சு கோப்பு மட்டத்தில் நடக்கிறது, பிளாக்குகளைச் சர்வர் பார்த்துக்கொள்கிறது, ஆகவே எத்தனை பேரும் ஒரே டைரக்டரியில் எழுதலாம். இருந்தும் டிஸ்க் இல்லாத மெஷின்களின் ரூட்டும் ஸ்வாப்பும் என்டியை விட்டு முழுசாக என்எஃப்எஸ்ஸுக்கு மாற 1988இல் சன்ஓஎஸ் 4.0 வர வேண்டியிருந்தது. என்டிக்கு ஒதுக்கிய ஐபி புரோட்டோகால் எண் 77, தற்காலிகமானது என்ற குறிப்போடு, அதிகாரபூர்வப் பட்டியலில் இன்னும் அப்படியே இருக்கிறது. அரசாங்கத்துத் தற்காலிகக் கட்டடங்களுக்குப் போட்டி!

கே: எங்கள் லேபில் சர்வர் ஒரு நிமிடம் போனால்கூட எல்லா மெஷினும் உறைந்துவிடுகிறது. "சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்" என்று மட்டும் வருகிறது. சாஃப்ட் மவுன்ட் போட்டுவிடலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பழைய என்எஃப்எஸ் சர்வருக்கு ஞாபகம் கிடையாது. யார் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், எதுவரை படித்திருக்கிறார்கள், எதையும் அது குறித்து வைப்பதில்லை. கணக்கு நோட்டே வைக்காத மளிகைக் கடை மாதிரி, ஒவ்வொரு தடவையும் முழு விவரத்தையும் சீட்டில் எழுதிக்கொண்டு போக வேண்டும்: "இந்தக் கோப்பில், 8192ஆவது பைட்டிலிருந்து, 8192 பைட் கொடு." பதில் வராவிட்டால் கிளையன்ட் அதே சீட்டை மறுபடி நீட்டும். இரண்டு தடவை படித்தாலும் ஒரே விடைதான், ஒரே இடத்தில் ஒரே தகவலை இரண்டு தடவை எழுதினாலும் கெடுதல் இல்லை.

இப்படி வைத்ததற்கு டிஸ்க் இல்லாத மெஷின்கள் முக்கியமான காரணம். சர்வர் விழுந்து எழுந்தால், அதற்கு மறப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதால், மீட்பதற்கும் ஒன்றும் இல்லை. கிளையன்ட்டுகள் கேட்டுக்கொண்டே இருக்கும், சர்வர் எழுந்ததும் "சர்வர் ஓகே" என்று ஒரு வரி வரும், பாதியில் நின்ற எடிட்டர் விட்ட இடத்திலிருந்து ஓடும். கிளையன்ட்டின் பார்வையில் சர்வர் விழுந்ததும் சர்வர் மெதுவாக இருப்பதும் ஒன்றேதான். நீங்கள் பார்க்கிற உறைதல் நோய் இல்லை, அப்படித்தான் நடக்க வேண்டும்.

சாஃப்ட் மவுன்ட் என்ன செய்யும்? சில தடவை முயன்றுவிட்டு, புரோகிராமிடம் "ஐஓ எரர்" என்று சொல்லிக் கைவிடும். ரைட் தோற்றதா, க்ளோஸ் தோற்றதா என்று பார்க்காத புரோகிராம்கள் உலகத்தில் ஏராளம். அவை நிம்மதியாக "சேமித்தாயிற்று" என்று சொல்லும், கோப்பு பாதியில் அறுந்து கிடக்கும், ஒரு வாரம் கழித்துத் தெரியும். ரூட்டே நெட்வொர்க்கில் இருக்கும் மெஷினில் இது இன்னும் மோசம், லைப்ரரியைப் படிக்கப் போன இடத்தில் எரர் வந்தால் புரோகிராம்கள் கண்டபடி விழ ஆரம்பிக்கும். விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் ஹார்ட் மவுன்ட் மட்டுமே போடுங்கள். மாட்டிக்கொண்ட ஒரு புராசஸை மட்டும் கொல்ல வேண்டுமானால், லினக்ஸில் கில் மைனஸ் 9 என்ற கட்டளைக்கு அது அடங்கும்.

கே: டைரக்டரியில் புள்ளி என்எஃப்எஸ் என்று ஆரம்பித்து நீள எண்ணோடு கோப்புகள் முளைக்கின்றன. அழித்தால் வேறு பெயரில் மறுபடி வருகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை, மேலே சொன்ன ஞாபகமின்மையின் பக்க விளைவு. யூனிக்ஸில் திறந்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர் போகும், ஆனால் திறந்தவர் மூடும்வரை உள்ளடக்கம் இருக்கும். தற்காலிகக் கோப்புகளுக்குப் பல புரோகிராம்கள் இதை நம்பியிருக்கின்றன. என்எஃப்எஸ் சர்வருக்கோ யார் திறந்திருக்கிறார்கள் என்றே தெரியாது, அழிக்கச் சொன்னால் அழித்துவிடும். ஆகவே கிளையன்ட் ஒரு தந்திரம் செய்கிறது: தன்னிடம் திறந்திருக்கும் கோப்பை யாராவது அழித்தால், அழிக்காமல் இந்த விநோதப் பெயருக்கு மாற்றிவைத்து, மூடும்போது உண்மையில் அழிக்கிறது. நீங்கள் அந்தப் பெயரையே அழித்தால், இன்னும் திறந்திருப்பதால், இன்னொரு பெயருக்கு மாறும். எந்தப் புராசஸ் திறந்திருக்கிறது என்று பார்த்து அதை நிறுத்துங்கள், தானாகப் போய்விடும்.

நடுவில் கிளையன்ட் செத்துவிட்டால் அழிக்க ஆள் இல்லாமல் குப்பை தங்கிவிடும். பழைய சன்ஓஎஸ்ஸில், ஏழு நாளுக்கு மேல் கிடக்கும் இந்தக் கோப்புகளைத் தேடி அழிக்க, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரியைத் தயாராகவே போட்டு அனுப்பினார்கள்.

கே: "ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்" என்றால் என்ன?

கிளையன்ட் நீட்டும் சீட்டில் கோப்பின் பெயர் இருக்காது. எந்த ஃபைல் சிஸ்டம், எந்த ஐனோட் (கோப்பின் விவரங்களை டிஸ்க்கில் வைத்திருக்கும் பதிவு), அந்த ஐனோட் எத்தனையாவது பிறவி என்பதைச் சேர்த்த ஓர் அடையாளம்தான் இருக்கும். வேறு யாரோ அந்தக் கோப்பை அழித்து, ஐனோடை இன்னொரு கோப்பு எடுத்துக்கொண்டால், பிறவி எண் மாறியிருக்கும், சர்வர் "அது செத்துப்போச்சு" என்று சொல்லும். பிறவி எண் மட்டும் இல்லாவிட்டால் நீங்கள் அடுத்தவர் கோப்பில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். அந்த டைரக்டரியிலிருந்து வெளியே வந்து மறுபடி உள்ளே போங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். நிர்வாகி டிஸ்க்கையே ஃபார்மட் செய்துவிட்டு எக்ஸ்போர்ட்டை (சர்வர் பகிரும் டைரக்டரியை) மாற்றியிருந்தால் அன்மவுன்ட் செய்துதான் ஆக வேண்டும்.

கே: சர்வருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்றால், ஒரே கோப்பை இரண்டு தடவை அழிக்கச் சொல்லிச் சீட்டு போனால்?

நல்ல பிடி. முதல் சீட்டில் அழித்துவிட்டது, பதில் வழியில் தொலைந்தது, கிளையன்ட் மறுபடி கேட்கிறது, இப்போது சர்வர் "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்கிறது. வேலை நடந்தும் தோல்வி என்று பதில். இதற்காகவே சர்வர்களில் சமீபத்திய கேள்விகளையும் பதில்களையும் கொஞ்ச நேரம் வைத்திருக்கும் ஒரு கேஷ் சேர்த்தார்கள். ஆக ஞாபகமே இல்லை என்பது கொஞ்சம் பொய்தான்! ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுக்கும் பூட்டுகளுக்கும் அப்படியே, லாக்டி, ஸ்டாட்டி என்று பின்னணியில் ஓடும் இரண்டு தனி டீமன்களை வெளியே ஒட்டவைத்தார்கள், அவை படுத்திய பாடு தனிக்கதை. 2000இல் வெளிவந்த என்எஃப்எஸ்ஸின் நான்காம் பதிப்பு வெளிப்படையாகவே நினைவு வைக்கிற சர்வராக மாறிவிட்டது. கிளையன்ட்டுக்குக் கெடு வைத்து உரிமை கொடுக்கும், லினக்ஸில் அந்தக் கெடு வழக்கமாக 90 விநாடி. அதனால்தான் சர்வர் எழுந்தபிறகும் சுமார் ஒன்றரை நிமிடம் புதிய கோப்பைத் திறக்கப்போனாலும் பூட்டு கேட்டாலும் காத்திருக்க வைக்கிறது, பழைய உரிமையாளர்கள் முதலில் வந்து கேட்டுக்கொள்ளட்டும் என்று.

கே: மெமரி நிறைந்தால் ஸ்வாப் எங்கே போகும்? நெட்வொர்க்கிலா?

அன்று ஆமாம். சர்வரில் கிளையன்ட் பெயரில் 16 எம்பி போல ஒரு கோப்பை முன்கூட்டியே உருவாக்கி வைப்பார்கள், 4 எம்பி மெமரி உள்ள மெஷின் அதில்தான் மூச்சு விடும். இதில் ஒரு விஷமம் இருக்கிறது: மெமரியைக் காலி செய்ய ஒரு பக்கத்தை நெட்வொர்க்கில் அனுப்ப வேண்டும், பாக்கெட் கட்டுவதற்கே கொஞ்சம் மெமரி வேண்டும், அதுதான் இல்லையே. லினக்ஸில் இதைச் சரிவரச் செய்ய 2012இல் வந்த 3.6 கர்னல்வரை ஆனது. இன்று நான் சொல்வது, நெட்வொர்க் ஸ்வாப் வேண்டாம், இசட்ராம் போட்டு மெமரிக்குள்ளேயே சுருக்கி வையுங்கள்.

கே: புரோகிராம்களைக் கட்டும் மேக் கட்டளையை ஓட்டினால் "க்ளாக் ஸ்க்யூ" என்று எச்சரிக்கை வருகிறது.

கோப்பில் நேரம் போடுவது சர்வர், இப்போது மணி என்ன என்று பார்ப்பது உங்கள் மெஷின். இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றிலும் கடிகாரங்களை ஒத்துப்போக வைக்கும் என்டிபி ஓட்டுங்கள்.

கே: கரன்ட் போய் வந்தால் முப்பது மெஷினும் ஒரே நேரத்தில் எழுகின்றன, பாதி "பூட் டிவைஸ் இல்லை" என்று நின்றுவிடுகின்றன. ஒவ்வொன்றாகப் போய் ரீஸ்டார்ட் செய்கிறோம்.

பிஎக்ஸ்இ 4, 8, 16, 32 என்று விநாடிகளைக் கூட்டிக்கொண்டே போய் டிஎச்சிபி கேட்கும். மொத்தம் ஒரு நிமிடம், அதற்குள் பதில் வராவிட்டால் பிஎக்ஸ்இ-ஈ51 என்று போட்டுவிட்டுக் கைவிடும். உங்கள் சர்வர் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுகிறதா? எனக்குச் சந்தேகம்தான். சர்வருக்கும் ஸ்விட்ச்சுக்கும் யுபிஎஸ் போடுங்கள், மெஷின்களுக்கு அவசியம் இல்லை. பயாஸில் கரன்ட் வந்ததும் தானாக எழும் வசதியை அணைத்துவிட்டு, சர்வரிலிருந்து வேக்-ஆன்-லேன் மூலம் ஐந்தைந்தாக எழுப்பலாம், நெரிசலும் குறையும்.

ஸ்விட்ச்சையும் பாருங்கள். நெட்வொர்க்கில் சுழல் வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ இயங்கும் ஸ்விட்ச்சில் ஒரு போர்ட் எழுந்ததும் 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, அப்புறம்தான் பாக்கெட்டை விடும். அந்த அரை நிமிடமும் பிஎக்ஸ்இயின் கணக்கில்தான் கழிகிறது. மெஷின்கள் சொருகிய போர்ட்டுகளில் மட்டும் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள். இதை மட்டும் செய்து பிரச்சினை தீர்ந்த லேபுகள் உண்டு.

கே: எல்லாரும் ஒரே கோப்புகளைப் பகிர்ந்தால், ஒரு மாணவன் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) ஆகிவிட்டால் எல்லாம் போச்சா?

வழக்கமான ஏற்பாட்டில், கிளையன்ட் "நான் 1005ஆம் நம்பர் ஆள்" என்றால் சர்வர் நம்பிவிடும், அடையாள அட்டை கேட்காது. ரூட் என்று சொன்னால் மட்டும் ரூட் ஸ்க்வாஷ் அதை யாருமற்றவனாக மாற்றும். ஆனால் மெஷினில் ரூட் ஆனவன் 1005ஆம் ஆளாக மாறிக்கொண்டு வந்தால்? உள்ளே விடும். டிஸ்க் இல்லாத மெஷினின் சொந்த ரூட் டைரக்டரிக்கு எழுதும் உரிமையோடு அந்தத் தடையையும் நீக்கித் தர வேண்டியிருந்தது என்பது கூடுதல் தலைவலி.

இப்போது நல்ல வழி இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே ரூட்டை, படிக்க மட்டும் என்று ஏற்றுமதி செய்யுங்கள். அதன்மேல் ஓவர்லேஎஃப்எஸ் மூலம் மெமரியில் ஒரு மெல்லிய எழுதும் அடுக்கைப் போடுங்கள், மாணவன் என்ன செய்தாலும் ரீபூட்டில் போய்விடும். 1999இல் தொடங்கிய எல்டிஎஸ்பி திட்டத்தின் இன்றைய வடிவம் ஏறக்குறைய இதைத்தான் தயாராகக் கட்டித் தருகிறது. வீட்டு டைரக்டரிகளுக்கு மட்டும் என்எஃப்எஸ் நான்காம் பதிப்பும், ஆளை உறுதிசெய்யும் கெர்பரோஸும் போடுங்கள். கெர்பரோஸ் அமைப்பது கஷ்டம் என்று எழுதப் போகிறீர்கள், தெரியும், கஷ்டம்தான்.

கே: வீட்டில் நான்கைந்து ராஸ்பெரி பை வைத்திருக்கிறேன். எஸ்டி கார்டு அடிக்கடி செத்துப்போகிறது. இதை முயலலாமா?

தாராளமாக. பை 3பி பிளஸ் மாடலில் நெட்வொர்க் பூட் ஏற்கெனவே தயாராக இருக்கிறது, பை 4இல் ஈஈப்ராமில் (போர்டிலுள்ள நிரந்தர நினைவுச் சில்லில்) பூட் ஆர்டரை 0எக்ஸ்எஃப்21 என்று வைத்தால் முதலில் கார்டைப் பார்த்து, இல்லாவிட்டால் நெட்வொர்க்குக்குப் போகும் (வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்). வைஃபையில் நடக்காது, கேபிள் வேண்டும். டிஎஃப்டிபி டைரக்டரிக்குள் ஒவ்வொரு பையின் சீரியல் நம்பர் பெயரில் ஒரு டைரக்டரி வைத்து பூட் கோப்புகளை அதில் போடுங்கள், கர்னல் வரியில் ரூட் என்எஃப்எஸ்ஸில் இருக்கிறது என்று சொல்லுங்கள். பதிவுக் கோப்புகளை மட்டும் மெமரிக்குள்ளேயே இருக்கும் டெம்ப்எஃப்எஸ்ஸுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஐந்து பையும் ராத்திரி முழுக்க சர்வரில் எழுதிக்கொண்டே இருக்கும்.